சிரிப்புக்கு முன்னால் வரும் மௌனத்தை வெட்டாதீர்கள்: ஓடிடி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பழைய ஸ்கெட்ச் காமெடி நிகழ்ச்சிகளை உங்கள் தளத்தில் நிர்வகிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

சமீபத்தில் நீங்கள் எடுத்த ஒரு முடிவை எதிர்த்து இதை எழுதுகிறேன். முழு எபிசோடுகளாக இருந்த பழைய பிரிட்டிஷ், அமெரிக்க ஸ்கெட்ச் காமெடி (சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகளின் தொகுப்பு) நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'சிறந்த தருணங்கள்' என்ற பெயரில் ஒரு நிமிட, இரண்டு நிமிடத் துண்டுகளை வைத்திருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் சில முழு எபிசோடுகளிலும் கை வைத்திருக்கிறீர்கள். எங்கே எவ்வளவு வெட்டினீர்கள் என்று ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன். பார்வையாளர்களின் நேரத்தை மிச்சப்படுத்தவே இந்த மாற்றம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் மிச்சப்படுத்தியதாகச் சொல்லும் அந்த நேரத்துக்குள்தான் நகைச்சுவையே இருந்தது. அதை உங்களுக்குப் புரியவைக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஸ்கெட்ச்சிலிருந்தே தொடங்குகிறேன். எரிக் மோர்கம், எர்னி வைஸ் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை இரட்டையர் 1971 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியில் நடத்திய மோர்கம் அண்ட் வைஸ் நிகழ்ச்சியில் அது இருக்கிறது. எரிக் மோர்கம் பியானோ வாசிக்கப் போகிறார். நார்வே இசையமைப்பாளர் கிரீக் எழுதிய, பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் புகழ்பெற்ற கான்செர்ட்டோ. இசைக்குழுவை நடத்துபவர் ஆந்த்ரே பிரெவின். அவர் நடிகர் இல்லை, லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை அந்தக் காலத்தில் உண்மையிலேயே நடத்திக்கொண்டிருந்தவர். எல்லோருக்கும் தெரிந்த கட்டம் ஒன்று அதில் உண்டு. எரிக் கன்னாபின்னாவென்று வாசிக்கிறார். வாசிப்பதெல்லாம் தப்பான சுரம் என்கிறார் பிரெவின். எரிக் எழுந்து அவருடைய கோட்டை இரண்டு பக்கமும் பிடித்து, முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகிறார். "நான் வாசிக்கிறது எல்லாமே சரியான சுரம்தான்" என்கிறார். நிறுத்துகிறார். "ஆனா அதே வரிசையில வரணும்னு அவசியமில்லை."

உங்கள் துண்டு எரிக் பியானோவில் கை வைக்கும் இடத்தில் தொடங்கி இந்த வசனத்தோடு முடிந்துவிடுகிறது. இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கும் அந்த நிறுத்தத்தையும் சுருக்கியிருக்கிறீர்கள். முழு ஸ்கெட்ச்சைப் பலமுறை பார்த்தவன் என்பதால் படம் அங்கே லேசாகத் துள்ளுவது கண்ணில் பட்டது.

அதற்கு முன்னால் என்னவெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள். தனக்கு வாய்த்த வாத்தியக்காரர் இவர்தான் என்று தெரிந்ததும் பிரெவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சரி, நான் போய் இசைக்குழுவை நடத்தும் என் கோலை எடுத்து வருகிறேன் என்கிறார். தாராளமாக, என்கிறார்கள். "அது சிகாகோவில் இருக்கிறது." இதைச் சொல்லும் தொனியில் துளிகூடக் கிண்டல் இல்லை, முகவரி சொல்வதுபோலச் சொல்கிறார். எரிக் உற்சாகத்தில் காற்றில் ஒரு குத்து விடுகிறார். அந்த வசனங்களை விமான நிலையத்திலிருந்து வரும் டாக்ஸியில்தான் பிரெவின் மனப்பாடம் செய்தார் என்பார்கள்.

அப்புறம் இசை தொடங்குகிறது. பியானோ எங்கோ இருக்கிறது, எரிக் வேறெங்கோ நிற்கிறார். அவர் போய் உட்காருவதற்குள் தொடக்க இசை முடிந்துவிடுகிறது. உடனே அவருக்கு ஒரு யோசனை: இந்த முன்னிசை கொஞ்சம் குட்டையாக இருக்கிறது, ஒரு கஜம் நீட்டினால் சரியாக இருக்கும். அடுத்த முறை உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் பியானோ மறைப்பதால் பிரெவின் சைகை காட்டுவது தெரியவில்லை. அதற்கும் ஒரு தீர்வு கண்டுபிடிக்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற இசைக் கலைஞர், மொத்த ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால், பியானோவுக்கு மேலே தலை தெரியும்படி எகிறிக் குதிக்கிறார்.

இத்தனையும் பார்த்த பிறகு எரிக்கின் விரல் பியானோவில் படும்போது, நமக்குள் ஒரு எதிர்பார்ப்பு நிரம்பி வழிகிற நிலையில் இருக்கிறது. பிரெவினின் பொறுமை எந்த அளவுக்கு வந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். தன் திறமையில் எரிக்குக்குத் துளி சந்தேகம் இல்லை என்பதும் தெரியும். கோட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நிறுத்தும் அந்த ஒரு கணத்தில், அடுத்து என்ன வந்தாலும் அது நியாயமாக இருக்காது என்று தெரிந்தே காத்திருக்கிறோம். வசனம் எடி பிரேபன் எழுதியது. அந்த நிறுத்தம் எரிக்கினுடையது. வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தால் கையில் மிஞ்சுவது ஒரு பொன்மொழி மாதிரியான வாக்கியம். அதற்குச் சிரிப்பு வராது. வசனத்தோடு ஸ்கெட்ச் முடிவதும் இல்லை. பிரெவின் உட்கார்ந்து அதே பகுதியை அற்புதமாக வாசித்துக் காட்டுகிறார். எரிக் ஒரே சொல்லில் அது குப்பை என்று சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு பிரெவினே எரிக்கின் பாணியில் வாசிக்க ஆரம்பிக்க, போனவர் ஆடிக்கொண்டே திரும்பி வருகிறார். மேதை தோற்று, தோற்றதில் மகிழ்ச்சி அடையும் அந்த முடிவுதான் ஸ்கெட்ச்சின் உயிர். அது உங்கள் துண்டில் இல்லவே இல்லை.

இது என் ரசனையாக மட்டும் இருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால், நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அக்கா மகனுக்குக் கல்லூரி வயது. உங்கள் துண்டை அவனிடம் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு, "மாமா, இதுல என்ன காமெடி இருக்கு? ஒருத்தர் தப்பா வாசிக்கிறார், அவ்ளோதானே?" என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை; அந்தத் துண்டில் அவ்வளவுதான் இருந்தது. அப்புறம் என்னிடம் இருந்த டிவிடியில் முழு ஸ்கெட்ச்சையும் போட்டேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். சிகாகோ வரும்போதே போனைக் கீழே வைத்துவிட்டான். பிரெவின் குதிக்கும்போது சோபாவில் சாய்ந்து சிரித்தான். கோட்டைப் பிடிக்கும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன வசனம் வரும் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும்; பத்து நிமிடம் முன்னால்தான் உங்கள் தளத்தில் பார்த்திருந்தான். அப்படியும் வெடித்துச் சிரித்தான். இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை என்று உங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால், இவனை நினைவில் வையுங்கள்.

மான்டி பைதன் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் மான்டி பைதன்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸுக்கு நீங்கள் செய்திருப்பது இதைவிடக் கொடுமை. 1969 அக்டோபர் முதல் 1974 டிசம்பர் வரை மொத்தம் 45 எபிசோடுகள். அந்தக் குழு செய்த பெரிய காரியமே, ஒரு ஸ்கெட்ச் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை அழித்ததுதான். கடைசியில் ஒரு பஞ்ச் வசனம் வைத்துத்தான் முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அவர்கள் தூக்கி எறிந்தார்கள். ஒரு காட்சி அலுப்புத் தட்டும் முன் டெர்ரி கில்லியமின் அனிமேஷன் வந்து அதை விழுங்கும். அல்லது கிரஹாம் சாப்மன் ராணுவ அதிகாரி வேஷத்தில் வந்து, இது ரொம்பக் கிறுக்குத்தனமாகப் போகிறது என்று நிறுத்துவார். ஒரு ஸ்கெட்ச்சில் வந்த ஆள் இன்னொன்றில் எட்டிப் பார்ப்பார். இதைத் தனித்தனித் துண்டாக வெட்டி வரிசையாக அடுக்கினால், அவர்கள் உடைத்த சுவர்களை நீங்கள் திரும்பக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

செத்த கிளி ஸ்கெட்ச்சை எல்லோருக்கும் தெரியும். 1969 டிசம்பர் 7 அன்று முதலில் ஒளிபரப்பானது. வாங்கிய கிளி செத்திருக்கிறது என்று ஜான் கிளீஸ் கடைக்கு வருகிறார். இல்லை, ஓய்வெடுக்கிறது என்கிறார் கடைக்காரரான மைக்கேல் பேலின். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1968-ல் வந்த ஒரு நிகழ்ச்சியில் இதே சண்டை ஒரு காரை வைத்து நடக்கும்: விற்றவர் எந்தக் கோளாறையும் ஒப்புக்கொள்ளமாட்டார். அந்தப் பாத்திரம் பேலினுக்குத் தெரிந்த ஒரு நிஜ மெக்கானிக்கைப் பார்த்து உருவானது. கார் பழுதா இல்லையா என்பதை வாதாட இடம் இருக்கிறது. அதனால் அது நாம் எல்லோரும் அனுபவித்த எரிச்சலாகவே நிற்கிறது. செத்துப்போன கிளியில் வாதாட இடமே இல்லை. இடமே இல்லாத இடத்தில் ஒரு மனிதன் அசராமல் நின்று வாதாடுகிறான் என்பதுதான் அங்கே சிரிப்பு. கிளீஸ் கிளியை மேஜையில் ஓங்கி அடித்துக் காட்டியும் அவர் அசரவில்லை. இரண்டு பேருமே இதை வேடிக்கையாக நினைக்கவில்லை என்பது ரொம்ப முக்கியம். ஒருத்தர் லேசாகச் சிரித்துவிட்டாலும் எல்லாம் போச்சு.

உங்கள் துண்டில் கிளீஸ் அடுக்கடுக்காக மரணத்தை வர்ணித்து முடித்ததும் கைத்தட்டல், திரை இருட்டு. அசலில் கதை இன்னும் போகிறது. என் அண்ணன் கடை போல்டன் என்ற ஊரில் இருக்கிறது, அங்கே போனால் மாற்றித் தருவான் என்கிறார் கடைக்காரர். அங்கே போனால் அதே கடை, அதே ஆள், ஒட்டு மீசையோடு. கிளீஸ் ரயில் நிலையம் வரை போய்ப் புகார் செய்கிறார். பிறகுதான் அந்த ராணுவ அதிகாரி வந்து நிறுத்துகிறார். அந்த அலைச்சல்தான் ஸ்கெட்ச்சின் இரண்டாவது பாதி. வாயால் மறுத்தவன் இப்போது மீசை ஒட்டிக்கொண்டு மறுக்கிறான். பொய் இன்னும் ஒரு படி மேலே ஏறிவிட்டது.

இதைவிட என்னை உலுக்கியது உங்கள் தளத்தில் மிச்சமிருக்கும் ஒரு முழு எபிசோடு. 1970 செப்டம்பர் 22 அன்று வந்தது, ஸ்பானிஷ் மத விசாரணைக்காரர்கள் (மத நம்பிக்கையில் பிறழ்ந்தவர்கள் என்று ஆட்களைப் பிடித்து விசாரித்த பழைய ஸ்பெயினின் திருச்சபை அதிகாரிகள்) வரும் எபிசோடு. இப்படி ஒரு விசாரணையை நான் எதிர்பார்க்கவில்லை என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும், கதவைத் தள்ளிக்கொண்டு சிவப்பு அங்கி போட்ட மூன்று பேர் உள்ளே பாய்வார்கள். எங்களை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்று கத்துவார்கள். எங்கள் ஆயுதம் ஒன்றுதான் என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை தப்பி, வெளியே போய்த் திரும்ப வந்து முதலிலிருந்து சொல்வார்கள். அரை மணி நேரத்தில் இவர்கள் பல இடங்களில் வருகிறார்கள். கடைசிக் காட்சி ஒரு நீதிமன்றம். நீதிபதி அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார். மொத்த நீதிமன்றமும் கதவைத் திரும்பிப் பார்க்கிறது. யாரும் வரவில்லை.

அந்த மூன்று பேரும் அப்போது ஊரின் வேறொரு மூலையிலிருந்து பஸ் பிடித்து வந்துகொண்டிருக்கிறார்கள். திரையில் இறுதி எழுத்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. அந்த எழுத்துகள் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடி பதறுகிறார்கள். ஒளியமைப்பாளர் பெயர் போய்விட்டது, இன்னும் சில பெயர்கள்தான் பாக்கி என்று எண்ணுகிறார்கள். ஓடிவந்து கதவைத் தள்ளி, அந்த வாக்கியத்தைத் தொடங்குகிறார்கள். பாதியில் 'முற்றும்' விழுந்துவிடுகிறது.

இந்த இடத்தில் உங்கள் தளம் என்ன செய்கிறது தெரியுமா? இறுதி எழுத்துகள் தொடங்கியதுமே படத்தைச் சுருக்கி மூலையில் தள்ளுகிறது. சில நொடிகளில் அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடுகிறது. அரை மணி நேரமாகக் கட்டி வந்த நகைச்சுவை, எழுத்துகள் ஓடும் நேரத்தையே மேடையாக்கிக்கொண்ட நகைச்சுவை, திரையின் மூலையில் நகம் அளவுக் கட்டத்துக்குள் செத்துப்போகிறது. நீதிமன்றம் கதவைப் பார்க்கிறது, யாரும் வரவில்லை, அவ்வளவுதான் என்று முதல்முறை பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். இந்தக் குழு தொடக்க எழுத்துகளைத் தாமதமாகவும் இறுதி எழுத்துகளை நடுவிலும் போட்டு விளையாடியவர்கள் என்பது இந்த நிகழ்ச்சியை ஒருமுறை பார்த்த யாருக்கும் தெரியும். தளத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லையா?

படச்சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நிகழ்ச்சிகள் பழைய டிவியின் சதுரம் போன்ற சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. அகலத் திரையை நிரப்புவதற்காக நீங்கள் மேலும் கீழும் வெட்டியிருக்கிறீர்கள். கிறுக்கு நடைகளுக்கான அமைச்சகம் என்ற ஸ்கெட்ச்சில் ஜான் கிளீஸ் ஆறடிக்கு மேல் உயரமான உடம்பை வைத்துக்கொண்டு, காலைத் தலைக்குச் சமமாகத் தூக்கி, மடக்கி, திருப்பி நடக்கிறார். முகமோ கொஞ்சமும் மாறாத அரசு அதிகாரியின் முகம். தொப்பி, பெட்டி, கோட்டு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. மேலே அந்த ஒழுங்கும் கீழே அந்தக் காலும் ஒரே சட்டத்தில் தெரிந்தால்தான் சிரிப்பு. உங்கள் பதிப்பில் பல ஷாட்டுகளில் பாதம் வெட்டுப்பட்டிருக்கிறது. நடையைப் பற்றிய ஸ்கெட்ச்சில் பாதத்தை வெட்டியிருக்கிறீர்கள்.

போனுக்காக நிமிர்த்திய துண்டுகளில் இதன் மறுபக்கம் நடக்கிறது. அமெரிக்க நகைச்சுவை நடிகை கரோல் பர்னெட்டின் கரோல் பர்னெட் ஷோவில் 1976 நவம்பரில் வந்த ஒரு ஸ்கெட்ச் ஒரு பெரிய ஹாலிவுட் படத்தைக் கிண்டல் செய்தது. வறுமையில் இருக்கும் நாயகி ஜன்னல் திரைச்சீலையைக் கிழித்து கவுன் தைத்துக்கொள்கிறாள். படிக்கட்டின் உச்சியில் கரோல் வந்து நிற்கும்போது திரைச்சீலையோடு அதன் கம்பியும் தோளுக்குக் குறுக்கே இருக்கிறது. எடுக்க மறந்தே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த உடையை வடிவமைத்தவர் பாப் மேக்கி. அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரோல் ஒன்றும் சொல்லாமல், மிடுக்காக, மெதுவாக இறங்குகிறார். அரங்கம் சிரிப்பை நிறுத்தவே மாட்டேன் என்கிறது. அவர் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். கவுன் அழகாக இருக்கிறது என்று சொன்னால், ஜன்னலில் பார்த்தேன், விட்டுவிட மனம் வரவில்லை என்கிறார்.

உங்கள் நிமிர்ந்த துண்டில் கம்பியின் இரண்டு முனைகளும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. பச்சைக் கவுன் போட்ட ஒரு பெண் படியிறங்குவது மட்டும்தான் தெரிகிறது. ஜனங்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் போகுமோ என்ற கவலையிலோ என்னவோ, மேலே ஒரு சிரிப்பு பொம்மையை ஒட்டி, 'டொய்ங்' என்று ஒரு சத்தமும் சேர்த்திருக்கிறீர்கள். அரங்கில் நிஜமான மனிதர்கள் சிரித்த சிரிப்பின் மேல் அந்தச் சத்தம் விழுகிறது. அதே நிகழ்ச்சியின் பல் டாக்டர் ஸ்கெட்ச்சிலும் இதே கதைதான். டிம் கான்வே புதிதாகத் தொழிலுக்கு வந்த பல் டாக்டர். மரத்துப்போகும் ஊசியைத் தன் கையிலேயே குத்திக்கொள்கிறார், அப்புறம் காலில். கை தொங்குகிறது, கால் இழுக்கிறது. நாற்காலியில் நோயாளியாக இருக்கும் ஹார்வி கார்மன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறார். கான்வேயைப் பார்த்துச் சிரிப்பது பாதி. கார்மன் படும் பாட்டைப் பார்த்துச் சிரிப்பது மீதிப் பாதி. நீங்கள் கான்வேயை மட்டும் சட்டத்தில் வைத்துக்கொண்டு கார்மனை வெளியே தள்ளியிருக்கிறீர்கள்.

இனி சப்டைட்டில். இது என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் வலிக்கும் விஷயம். என் அப்பா ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்வார். பேச்சு வேகமாக இருந்தால் பிடிக்க முடியாது. தமிழ் சப்டைட்டில் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் நீங்கள் இரண்டு மூன்று வசனங்களைச் சேர்த்து ஒரே கட்டமாகப் போடுகிறீர்கள். எரிக் வாயைத் திறக்கும்போதே நிறுத்தத்துக்குப் பின்னால் வரவேண்டிய வரியும் கீழே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அப்பா அதைப் படித்துவிட்டார். எரிக் நிறுத்தினார், அரங்கம் மூச்சைப் பிடித்தது, அப்பா திரையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் சொல்றதுக்கு முன்னாடியே கீழ போட்டுட்டாங்களேப்பா" என்றார். விடுகதை போடும்போதே பக்கத்தில் ஒருவர் விடையைச் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. சப்டைட்டிலை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதைச் சரியான நொடியில் விடுவதற்கு என்ன செலவாகிவிடும்?

நீங்கள் செய்வது புதிதில்லை என்பதால், இதற்கு முன்னால் நடந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். 1975 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, மான்டி பைதனின் நான்காவது தொடரிலிருந்து மூன்று எபிசோடுகளைச் சேர்த்து ஒரு சிறப்பு நிகழ்ச்சியாகப் போட்டது. தொண்ணூறு நிமிடத்தில் 24 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். கொஞ்சம் விளம்பரத்துக்காக, கொஞ்சம் முகம் சுளிப்பார்கள் என்பதற்காக. அடுத்த நிகழ்ச்சியும் அதே டிசம்பரில் வரவிருந்தது. குழுவினர் நீதிமன்றம் போனார்கள். 1976-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஒரு படைப்பைச் சிதைத்துவிட்டு அதை அதே ஆட்களின் பெயரில் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் தீங்கு என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. சிரிக்க வைப்பவர்கள் இத்தனை சீரியஸாக வழக்காடியதற்குக் காரணம், அவர்களுடைய பெயரில் சிரிப்பு வராத ஒன்று ஓடிக்கொண்டிருந்ததுதான்.

கரோல் பர்னெட் ஷோவும் இதை அனுபவித்தது. 1967-லிருந்து 1978 வரை ஓடிய ஒரு மணி நேர நிகழ்ச்சி அது. பாட்டு, நடனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அரை மணி நேரமாகச் சுருக்கி வேறு பெயரில் மறுஒளிபரப்பு செய்தார்கள். ஒரு தலைமுறைக்கு அந்தச் சுருக்கம்தான் நிகழ்ச்சி. முழுசாக எப்படி இருந்தது என்று பார்க்க அவர்கள் பல வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2015-ல் அமெரிக்கக் கேபிள் சேனல்கள் பழைய தொடர்களைச் சற்று வேகமாக ஓட்டி விளம்பரத்துக்கு இடம் பிடிக்கும் விஷயம் செய்தியானது. ஒரு புகழ்பெற்ற காமெடித் தொடர் சுமார் 7 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. டைமிங்கை வைத்துப் பிழைக்கும் கலையில் 7 சதவீதம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அழிந்தே போனவையும் உண்டு. பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர்களான பீட்டர் குக்கும் டட்லி மூரும் 1960-களில் செய்த நிகழ்ச்சியின் நிறைய எபிசோடுகள் இன்று இல்லை. டேப் விலை அதிகம் என்று அதே டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்துவிட்டார்கள். அவர்களுக்காவது டேப் தட்டுப்பாடு என்று ஒரு காரணம் இருந்தது. உங்களிடம் முழுப் பிரதி பத்திரமாக இருக்கிறது. சென்ற மாதம்வரை நாங்கள் பார்த்தோம்.

தமிழில் 'லொள்ளு சபா' பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். சந்தானம், சுவாமிநாதன், மனோகர் எல்லோரும் ஒரு முழுப் படத்தையே எடுத்துக்கொண்டு வரிசையாகக் கலாய்ப்பார்கள். மனோகர் அந்தக் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு உள்ளே வரும்போது வரும் சிரிப்பு, அதுவரை அந்தக் காட்சி எவ்வளவு சீரியஸாக வேஷம் கட்டிக்கொண்டிருந்தது என்பதால் வருவது. கையாட்டலை மட்டும் தனியாகக் காட்டினால் அது வெறும் கையாட்டல்.

நீங்கள் சொல்லக்கூடிய ஒரு நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பழைய நிகழ்ச்சிகளில் இன்று பார்க்கச் சங்கடமான காட்சிகள் இருக்கின்றன. வேறு இனத்தவராக முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடித்தது, பெண்களை அலங்காரப் பொருளாக நிறுத்தியது, இதெல்லாம் எனக்கும் பிடிக்காது. அதற்காகச் சத்தமில்லாமல் வெட்டுவது சரியான வழி இல்லை. தொடக்கத்தில் ஓர் அறிவிப்புப் போடுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டியிருக்கிறோம் என்றாவது எழுதுங்கள். துண்டுகளே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஒரு துண்டைப் பார்த்து ஒருவர் முழு எபிசோடுக்கு வந்தால் நல்லதுதான். வருவதற்கு அங்கே முழு எபிசோடு இருக்க வேண்டும்.

நான் கேட்பவை இவை. எடுத்துவிட்ட எபிசோடுகளை, ஒளிபரப்பான நீளத்திலேயே, பழைய வரிசையிலேயே திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்குக் கீழேயும் அது எந்த எபிசோடிலிருந்து வந்தது என்று எழுதி, அந்த இடத்துக்கே கொண்டுபோகும் இணைப்பைக் கொடுங்கள். நிறுத்தங்களைச் சுருக்குவதையும், சிரிப்புச் சத்தமும் பொம்மையும் சேர்ப்பதையும் நிறுத்துங்கள்.

படத்தை எடுத்த சட்டத்திலேயே காட்டுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் எங்களுக்கு ஒன்றும் குறையாது. ஸ்கெட்ச் காமெடிக்கு மட்டுமாவது, இறுதி எழுத்துகளின்போது படம் சுருங்குவதையும் அடுத்த எபிசோடுக்குத் தானாகத் தாவுவதையும் நிறுத்திவையுங்கள்.

தமிழ் சப்டைட்டிலை வசனம் வசனமாகப் பிரித்து, சொல்லும் நொடியில் வரும்படி செய்யுங்கள். அந்த வேலையை நகைச்சுவை தெரிந்த ஒருவரிடம், முழு எபிசோடையும் ஒலியோடு பார்க்க வைத்து, அதற்கு உரிய நேரமும் கூலியும் தந்து ஒப்படையுங்கள்.

எந்தெந்த எபிசோடில் எத்தனை நிமிடம் வெட்டியிருக்கிறீர்கள் என்ற பட்டியலை உங்கள் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். முழு எபிசோடுகள் எந்தத் தேதியில் திரும்ப வரும் என்று எழுத்தில் பதில் தாருங்கள். என் அடுத்த சந்தா புதுப்பிப்பதற்கு முன்னால் அந்தப் பதில் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தின் நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்